குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன்

ஊட்டி போயிருக்கீங்களா பாஸ்? என்ன கேள்வி இது... காலேஜ் டூர்னா ஒண்ணு ஊட்டி, இல்லேன்னா கொடைக்கானல். இதைத் தாண்டி நம்ம டிபார்ட்மென்ட்ல எவன் யோசிச்சிருக்கான்?

சரி, மலை ரயில்ல போயிருக்கீங்களா? மேட்டுப்பாளையத்துல ஏறினா மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற பல்லைக் கவ்விக் கவ்வி ஏறும் அந்த ரயில். மெக்கானிக்கல் பசங்க அதுக்காகவே ஒரு தடவை போகலாம். குன்னூர்ல நீராவி இன்ஜினைக் கழற்றிட்டு டீசல் மாட்டுவாங்க. அந்த கேப்புல ஓடிப்போய் ஒரு டீ, ரெண்டு வர்க்கி. திரும்பி வந்து சீட் பிடிச்சு உட்கார்ந்தா, கொஞ்ச நேரத்துல ஒரு குட்டி ஸ்டேஷன் வரும். போர்டைப் படிச்சிருக்கீங்களா?

வெலிங்டன்.

டூரிஸ்ட் யாரும் அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. எல்லாரும் ஊட்டி ஏரி, தொட்டபெட்டான்னு போயிடுவாங்க. ஆனா ப்ளஸ் டூ முடிச்ச கையோட, சிலர் டென்த் முடிச்ச கையோட, தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவுல இருந்து கிளம்புற பசங்களுக்கு வெலிங்டன்தான் காலேஜ், ஹாஸ்டல், ராகிங் எல்லாமே. மெட்ராஸ் ரெஜிமென்டோட பயிற்சி மையம் இருக்கிற ஊர் அது.

எனக்கு அங்கே என்ன வேலைன்னு கேக்கறீங்களா? எல்.கே.ஜி.யில இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் என் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்தவன், அங்கே ‘ரெக்ரூட்’டா போய் ஜவானா வெளியே வர்ற நாள். ராணுவ பாஷையில ‘கசம் பரேட்’, அதாவது உறுதிமொழி அணிவகுப்பு. அவங்க அம்மா, அப்பா, தங்கச்சி, மாமா, நான்... ஒரு வேன் பிடிச்சு வேலூர்ல இருந்து ராத்திரியே கிளம்பிட்டோம். விடியக்காலையில மலை ஏறும்போது ஜன்னலைத் திறந்தது யாருன்னு வேனுக்குள்ள ஒரு பெரிய சண்டை. அவ்வளவு குளிர்!

பஸ்ல போனா ‘பேரக்ஸ்’னு சொல்லி டிக்கெட் கேளுங்க, எல்லா கண்டக்டருக்கும் தெரியும். அந்த பேரக்ஸ் கட்ட ஆரம்பிச்சது 1852-ல, முடிஞ்சது 1860-ல. ஊருக்கு அதுக்கு முன்னாடி பேரு ஜக்கதளா. அதை மாத்தி, நெப்போலியனை 1815-ல வாட்டர்லூவுல தோற்கடிச்ச வெலிங்டன் பிரபு பேரை வெள்ளைக்காரன் வெச்சுட்டான். இந்த வெலிங்டன் சும்மா பேருக்கு வந்தவர் இல்லை. ஆர்தர் வெல்லெஸ்லியா இருந்த காலத்துல, 1803-ல, இன்னிக்கு மகாராஷ்டிராவுல இருக்கிற அஸ்ஸாயேங்கிற இடத்துல மராட்டியப் படையோட மோதினார். அவர் பக்கம் நின்னு சண்டை போட்டதுல மதராஸ் சிப்பாய்களும் இருந்தாங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பியில ஒரு யானை இருக்கும் பாருங்க, அது அஸ்ஸாயே யானை. யாருக்காக யாரை வெட்டினோம்னு யோசிச்சா தொண்டையில ஏதோ அடைக்குது. ஆனா யானை கம்பீரமாத்தான் இருக்கு.

ரெஜிமென்டோட வயசு இன்னும் ஜாஸ்தி. 1758-ஐப் பிறந்த வருஷமா கணக்கு வெச்சிருக்காங்க. ‘வீர மதராஸி, அடி கொல்லு! அடி கொல்லு!’ன்னு ஒரு போர் முழக்கம். வட இந்தியாவுல இருந்து வர்ற ஆபீஸரும் இதைத் தமிழ்லதான் கத்தணும். இந்த ரெஜிமென்ட் ஆட்களுக்கு ராணுவத்துக்குள்ள செல்லப் பேரு என்ன தெரியுமா? ‘தம்பி’! நம்ம தெருவுல டீக்கடைக்காரர் கூப்பிடற அதே தம்பி.

இப்போ நம்ம தம்பி கதைக்கு வருவோம்.

வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. ‘மிலிட்டரி பேட்டை’ன்னு சொன்னாதான் நிறைய பேருக்குப் புரியும். தாத்தா, அப்பா, பையன்னு தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்குப் போற ஊர். என் நண்பனோட மாமா அந்த ஊர். சர்வீஸ் முடிச்சு, பென்ஷன் வாங்கிட்டு, மீசையை மட்டும் ரிட்டயர் பண்ணாம வெச்சிருக்கார். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு நாங்க எல்லாரும் கட்-ஆஃப் கூட்டிக்கிட்டு இருந்தப்போ, இவன் மாமாகிட்ட போய் ‘எத்தனை நிமிஷத்துல ஓடணும்?’னு கேட்டான். மார்க் இல்லாமலா? இருந்தது. எனக்கும் அவனுக்கும் ஏழு மார்க்தான் வித்தியாசம். அவங்க அப்பா ஓட்டறது டாடா ஏஸ், அதுவும் தவணையில. பின்னாடி தங்கச்சி இருக்கா. “நாலு வருஷம் ஃபீஸ் கட்டற இடத்துக்குப் போறதுக்கு, நாலு வருஷம் சம்பளம் குடுக்கற இடத்துக்குப் போறேன் மச்சி”ன்னான். கேட்க பஞ்ச் டயலாக் மாதிரி இருக்கும். அன்னிக்கு அவன் அதை பஞ்ச்சா சொல்லலை.

எவ்வளவு ஓடணும்? 1.6 கிலோமீட்டர். அதை அஞ்சரை நிமிஷத்துல முடிச்சா முழு மார்க், 60. கால்குலேட்டர் எடுங்க. 400 மீட்டர் கிரவுண்டுல நாலு ரவுண்டு, ஒவ்வொண்ணும் 82 செகண்டுக்கு மேல போகக் கூடாது. முதல் ரவுண்டு யாரு வேணா ஓடலாம். மூணாவதுலதான் நுரையீரல் ராஜினாமா கடிதம் எழுதும். அது முடிஞ்சதும் ‘பீம்’. கம்பியைப் பிடிச்சுத் தொங்கி, தாடை மேல வர்ற மாதிரி பத்து தடவை இழுத்தா 40 மார்க். அப்புறம் ஒன்பது அடி பள்ளம் தாண்டணும், வளைஞ்சு வளைஞ்சு போற கட்டை மேல விழாம நடக்கணும். இதெல்லாம் எழுத்துத் தேர்வு பாஸான பிறகு. 2023-ல இருந்து வரிசை மாறிடுச்சு. முதல்ல கம்ப்யூட்டர்ல பரீட்சை, அப்புறம்தான் கிரவுண்டு.

எங்க ஊர் ஏரிக்கரையில காலையில நாலரைக்கு ஓடுவான். நான் பைக்ல பின்னாடியே போய் டைம் பார்ப்பேன். (ஆமா, என் பங்களிப்பு அவ்வளவுதான்!) முதல் வருஷம் கிரவுண்டுல போச்சு. ரெண்டாவது வருஷம் உள்ளே போயிட்டான். அந்த ஒரு வருஷ இடைவெளி இருக்கே... அதைப் பத்தி யாரும் பேசறதில்லை. நாங்க காலேஜ் ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பஸ் ஏறும்போது, அவன் வியர்வையோட எதிர்த்தாப்புல நடந்து வருவான். சொந்தக்காரங்க கேட்கிற ‘இப்போ என்ன பண்றே?’வுக்கு ‘ஓடிக்கிட்டிருக்கேன்’னு பதில் சொல்றது கஷ்டம்தானே.

சரி, பரேடுக்கு வருவோம். ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ் மைதானம். சுத்தி பழைய கட்டடம், பின்னாடி பச்சை மலை, மேல பனி. பக்கத்துல மலையாளம், அந்தப் பக்கம் கன்னடம், பின்வரிசையில தெலுங்கு. எல்லா பாஷையிலயும் அம்மாக்கள் ஒரே வேலையைத்தான் பண்றாங்க. கண்ணைச் சுருக்கி அவங்கவங்க பையனைத் தேடறாங்க. கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாருக்கும் ஒரே உயரம் மாதிரி, ஒரே முடிவெட்டு, ஒரே நடை. எங்கம்மா... ஸாரி, அவங்கம்மா, மூணு தடவை தப்பான பையனைப் பார்த்து அழுதாங்க.

பேண்ட் வாசிச்சது. பூட்ஸ் சத்தம் ஒரே சத்தமா விழும்போது, சும்மா சொல்லக் கூடாது, முதுகுத்தண்டுல ஜிலீர்னு ஏறுது. அது குளிரா, வேற ஏதாவதான்னு தெரியலை. பகவத் கீதை, குர்ஆன், பைபிள் முன்னிலையில உறுதிமொழி எடுக்கறாங்க. தரை, கடல், வானம், எங்கே அனுப்பினாலும் போவேன், உயிரே போனாலும் போவேன்னு சொல்லணும். நம்ம காலேஜ்ல ராகிங் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போடறோமே, அந்த வயசுப் பசங்க இதைச் சொல்றாங்க.

முடிஞ்சதும் பெற்றோருக்கு ‘கௌரவ் பதக்’னு ஒரு மெடல் குடுத்தாங்க. அவங்கப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில போட்டார். அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார். திரும்பி வர்ற வரைக்கும் இதேதான்.

அதே வெலிங்டன்ல இன்னொரு பக்கம் ஒரு பெரிய காலேஜ் இருக்கு. பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரி. பத்துப் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட மேஜர்கள் படிக்க வர்ற இடம். 2021 டிசம்பர் 8-ம் தேதி முப்படைத் தளபதி பிபின் ராவத் இங்கே பேசறதுக்காகத்தான் சூலூர்ல இருந்து ஹெலிகாப்டர்ல கிளம்பினார். குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்துல விழுந்தது. அவர், அவர் மனைவி உட்பட 14 பேர் இறந்தாங்க. முதல்ல ஓடிப் போனது அந்தக் கிராமத்து ஜனங்கதான். டீக்கடையில ஒருத்தர் இப்பவும் நேத்து நடந்த மாதிரி சொல்றார்.

ஒரே ஊர்ல ரெண்டு வாசல், கவனிச்சீங்களா? ஒரு வாசல்ல சிப்பாய், இன்னொண்ணுல ஆபீஸர். ப்ளஸ் டூ முடிச்சவனுக்கு ரெண்டாவது வாசலுக்கும் வழி உண்டு: என்.டி.ஏ. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை வைக்குது, வயசு பதினாறரைல இருந்து பத்தொன்பதரை. 900 மார்க்குக்கு எழுத்து, 900 மார்க்குக்கு எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ. பொண்ணுங்களும் போகலாம். முதல் பேட்ச்ல 17 பெண்கள் 2025 மே மாசம் பயிற்சி முடிச்சு வெளியே வந்தாச்சு. ஆனா என் நண்பனுக்கு என்.டி.ஏ.ன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சது எப்போ? ரெக்ரூட்டா வெலிங்டன் போன பிறகு! கேள்வித்தாள் தமிழ்ல கிடையாது. எங்க ஸ்கூல் சுவர்ல இன்ஜினீயரிங் கவுன்சலிங் சார்ட் ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல ஒரு அரை அடி இடம் காலியாத்தான் இருந்தது. யாராவது ஒரு பேப்பர் ஒட்டியிருக்கலாம். எனக்கு இதுல கோபம் உண்டு.

‘அமரன்’ பார்த்துட்டு விசிலடிச்சோமே, அந்த மேஜர் முகுந்த் வரதராஜன்கூட டிகிரி முடிச்சுட்டு சென்னை ஓ.டி.ஏ. வழியா போனவர்தான். அதனால நீங்க இப்போ காலேஜ்ல இருந்தாலும் ரயில் போயிடலை. பி.இ. ஃபைனல் இயர்லயே டெக்னிகல் என்ட்ரிக்கு அப்ளை பண்ணலாம், எழுத்துத் தேர்வுகூட இல்லை, நேரா எஸ்.எஸ்.பி.

ஆனா என் நண்பன் போன வாசல் அக்னிவீர். 2022 ஜூன்ல அறிவிச்சப்போ நாடு முழுக்க என்ன கலாட்டா நடந்ததுன்னு ஞாபகம் இருக்கும். நாலு வருஷ சர்வீஸ், பென்ஷன் கிடையாது. முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய், அதுல 9,000 பிடிச்சு நிதியில போடுவாங்க, அரசாங்கமும் அதே அளவு போடும். கையில 21,000. நாலாவது வருஷம் மொத்தம் 40,000. முடிச்சு வரும்போது சுமார் 11.71 லட்சம். அறிவிப்புப்படி நூத்துக்கு 25 பேர் வரைக்கும் தொடர்ந்து வெச்சுப்பாங்க. மீதிப் பேர் ஊருக்கு.

மாமாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கலை. “நாங்க போகும்போது பதினஞ்சு வருஷம் முடிச்சா பென்ஷன்னு தெரிஞ்சு போனோம். துப்பாக்கி பிடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்டா”ன்னார். அவனோட அப்பாவுக்குக் கணக்கு பிடிச்சிருந்தது. “எனக்கு நாப்பது வயசு வரைக்கும் மொத்தமா பதினோரு லட்சத்தைக் கண்ணால பார்த்ததில்லையே”ன்னார். ரெண்டு பேரும் சொல்றது நிஜம். வேன்ல ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்திருந்தது நான்.

மதியம் கொஞ்ச நேரம் அவன் வெளியே வந்தான். ஆறேழு மாசத்துல ஆளே மாறிட்டான். உட்காரச் சொன்னாக்கூட முதுகு வளையலை. வர்க்கியை ரெண்டே கடியில முடிச்சான். “லங்கர்ல மெதுவா சாப்பிட்டா உஸ்தாத் விட மாட்டார்”னு சிரிச்சான். தமிழே தெரியாம வந்த ஒருத்தனுக்குத் திட்டறது மட்டும் இவன் சொல்லிக் குடுத்தானாம். பயமா இருந்ததாடான்னு கேட்டேன். “முதல் வாரம் ராத்திரி எல்லா கட்டில்லயும் அழற சத்தம் கேட்கும் மச்சி. யாரும் யார்கிட்டயும் கேட்டுக்க மாட்டோம்.”

கிளம்பும்போது அவங்கம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. “தம்பி, நாலு வருஷம் முடிஞ்சு திரும்பி வந்தா அவனுக்கு இருபத்துமூணு வயசு. உங்க காலேஜ்ல சேர்த்துப்பாங்களா?”

“சேர்த்துப்பாங்கம்மா”ன்னேன்.

“அப்போ நீ இருக்க மாட்டியே.”

அவன் காதுல விழுந்துடுச்சு போல. “அம்மா, நான் அந்த இருபத்தஞ்சுல வருவேன்”னான். பேட்ச்ல இருக்கிற நூறு பேரும் அவங்கவங்க அம்மாகிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டிருந்திருப்பாங்க.

நீங்க வெலிங்டன் போனா பேரக்ஸுக்குள்ள எல்லாம் போக முடியாது. கண்ட இடத்துல செல்போனை நீட்டிப் போட்டோ எடுக்காதீங்க, கேட்டுல இருக்கிறவர் நம்ம ஹெச்.ஓ.டி. மாதிரி வார்னிங்கோட விட மாட்டார். ரோட்டோரம் நின்னா போதும். மொட்டைத் தலையோட ஒரு கூட்டம் மூச்சிரைக்க உங்களைத் தாண்டி ஓடும். எல்லாம் உங்க வயசு, இல்லே ஒண்ணு ரெண்டு கம்மி.

அவன் இப்போ எங்கே இருக்கான்னு சொல்ல மாட்டான், கேட்கவும் கூடாது. டவர் கிடைக்கிற ஞாயித்துக்கிழமை போன் வரும். அக்னிவீர்களுக்குப் பயிற்சியையே பாதி கிரெடிட்டா எடுத்துக்கிற டிகிரி இக்னோவுல இருக்கு. போன வாரம் கேட்டான், “மச்சி, பி.ஏ. சேரட்டுமா, பி.காம். சேரட்டுமா?”

நமக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸே தகராறு. காமர்ஸ் பசங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்களேன்!