வலி நின்றால் போதுமா?

எமது பேத்திக்கு வயது மூன்று. தடிமனால் மூக்கடைத்திருந்த அவள், சென்ற மாதம் ஒருநாள் நள்ளிரவில் காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுதாள். பதற்றத்தில் எமது கை நல்லெண்ணெய்ப் போத்தலை நாடியது. தொட்ட அக்கணமே தங்கையின் நினைவு வந்து கையைத் தடுத்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் தங்கையும் இவ்வாறே அழுதாள். அம்மம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அன்போடு அவள் காதில் வார்த்தார். விடியும்போது காதிலிருந்து சீழ் வடிந்தது, வலியும் நின்றது. கெட்ட நீர் வெளியேறிவிட்டது என்று வீட்டார் யாவரும் மகிழ்ந்தோம். ஆனால் சீழோ மாதக்கணக்காக வடிந்தது. பின்னர் பள்ளிக்கூடத்தில், அழைத்தாலும் திரும்பிப் பாராத அவளை மந்தப்பிள்ளை என்று கூறிப் பின்வாங்கில் இருத்தினர். அவளிடம் குறைந்திருந்தது அறிவன்று, செவிப்புலனே.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்கு நீளம் குறைந்தும், ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கும். ஆதலால் தடிமன் கண்டதும் கிருமிகள் எளிதிற் காதை அடைகின்றன. அங்கே திரளும் சீழ் செவிப்பறையை அழுத்துவதாலேயே வலி உண்டாகிறது. பறை கிழிந்தால் அழுத்தம் குறையும், வலி தணியும், நோய் தீர்ந்ததாகாது. கிழிந்த பறையினூடாக எண்ணெய் உட்செல்வதோ மேலும் தீங்கு.

அன்றிரவு பேத்தியின் நிறைக்கேற்ற அளவு பரசிற்றமோல் கொடுத்து, காலையில் வைத்தியரிடம் சென்றோம். அவர் காதினுள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். பறை சிவந்திருந்தது, கிழியவில்லை. எல்லாக் காதுவலிக்கும் அன்ரிபயோட்டிக் வேண்டியதில்லை, பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் தாமே மாறும் என்றார் அவர். அம்மருந்தை எழுதிக் கொடுத்தால், வலி நின்ற பின்னரும் குறித்த நாள்வரை கொடுத்தல் வேண்டும் என்றும் கூறினார்.

தாய்மாரே, பிள்ளையின் காதில் சீழ் கண்டால் எதனையும் வார்க்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, மெல்ல ஒற்றி உலர்த்தி, வைத்தியரிடம் காட்டுங்கள். காதின் பின்புறம் வீங்கினால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

அம்மம்மாவை நாம் குறைகூறவில்லை. அவர் அறிந்ததைச் செய்தார்.

பேத்தி குணமடைந்தபின் தங்கை பார்க்க வந்தாள். குழந்தையின் பின்னால் நின்று, மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைத்தாள். குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தாள். தங்கையின் கண்கள் கலங்கின.