தன்னை இன்னார் என்று சொல்லும் உரிமை

டென்மார்க்கும் ஜேர்மனியும் தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்லெஸ்விக் நிலப்பகுதியில், ஒருவர் எந்தப் பண்பாட்டுக்குரியவர் என்பதை அவரது கடவுச்சீட்டோ வீட்டில் பேசும் மொழியோ முடிவுசெய்வதில்லை. தன்னை இன்னார் என்று அவர் சொல்லும் சொல்லே முடிவுசெய்கிறது. மனச்சார்பு என்று தமிழில் குறிக்கத்தக்க இக்கோட்பாட்டின்படி, ஒரு சிறுபான்மையினரோடு தன்னை இணைத்துக்கொள்ள விரும்புபவர் அவர்களுள் ஒருவரே ஆவார். அதற்கு எந்த அதிகாரியும் சான்று கேட்கவோ அதனை மறுக்கவோ கூடாது.

அப்பகுதி இந்நிலையை எளிதில் எய்திவிடவில்லை. 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தோற்றதன் விளைவாகப் பிரஷ்ய ஆட்சிக்குள் சென்ற ஸ்லெஸ்விக்கில், 1888இல் சமயபாடம் தவிர்ந்த ஏனைய பாடங்களின் பயிற்றுமொழி ஜேர்மன் மட்டுமே என்றாக்கப்பட்டது. தம்மை டேனியராகக் கருதிய குடும்பங்களின் இளைஞர்கள் முதலாம் உலகப் போரில் ஜேர்மன் சீருடை அணிந்து மடிந்தனர். 1920 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த குடியொப்ப வாக்கெடுப்பில், வடபகுதியில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் டென்மார்க்கையும், அதற்குத் தெற்கே ஐவரில் நால்வர் ஜேர்மனியையும் தேர்ந்தனர். வடபகுதி முழுவதும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டமையால், ஜேர்மனிக்குப் பெரும்பான்மை வாக்களித்த ஆபென்ரோ நகரம் டென்மார்க்கிற்குச் சென்றது. பிளென்ஸ்பேர்க் நகரின் டேனியர் ஜேர்மனிக்குள்ளேயே நின்றுவிட்டனர்.

1945க்குப் பின், தோல்வியிலும் பசியிலும் கிடந்த தென்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் தம்மை டேனியர் என்று அறிவித்தபோது, டென்மார்க்கிலிருந்து வந்த உணவுப் பொதிகளுக்காகவே இனம் மாறினார்கள் என்ற பழிச்சொல் எழுந்தது. உண்மையான டேனியர் யார் என்று சோதிக்கப் புகுந்திருந்தால் பகை மேலும் முற்றியிருக்கும். சோதனையையே விலக்கிய 1949ஆம் ஆண்டுக் கீல் பிரகடனத்திலும், இரு நாடுகளும் 1955 மார்ச் 29இல் வெளியிட்ட பொன், கோப்பன்ஹேகன் பிரகடனங்களிலும் வெளிப்பட்ட அரசியல் முதிர்ச்சி மிகப் பெரியது. இன்று ஜேர்மனியில் ஏறத்தாழ 50,000 டேனியரும் டென்மார்க்கில் ஏறத்தாழ 15,000 ஜேர்மானியரும் சிறுபான்மையினராக வாழ்கின்றனர்.

மொழியே இனத்தின் உயிர் என்ற எண்ணத்தில் வளர்ந்த தமிழரை இங்கு நின்று சிந்திக்கவைப்பது வேறொன்று: வடக்கின் ஜேர்மன் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தென்யூலன்டின் டேனிஷ் வட்டார வழக்கே, தெற்கில் டேனிஷ் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பலரது வீட்டு மொழி ஜேர்மன். வீடு கைவிட்ட மொழியைப் பள்ளியும் நூலகமும் சங்கமும் நாளிதழும் காத்துவருகின்றன. அவற்றைக் காக்க இரு அரசுகளும் பணம் தருகின்றன.

1980களின் நடுப்பகுதி முதல் டென்மார்க்கில் அகதிகளாகக் குடியேறி, ஹெர்னிங், பிரான்டே போன்ற யூலன்ட் நகரங்களில் கோயில்களையும் எழுப்பிய ஈழத்தமிழர், அவ்வெல்லையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணிநேரப் பயணத் தொலைவிலேயே வாழ்கின்றனர். ஆயினும் சிறுபான்மையினராக ஏற்கப்படும் இவ்வுரிமை அவர்களுக்கு எட்டவில்லை. டென்மார்க் 2000ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்த பிரதேச, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயம், குடியேறியோரின் மொழிகளை வெளிப்படையாகவே விலக்குகிறது. நிலத்தோடு தலைமுறைகளாக வேரோடிய சமூகத்துக்கும் அண்மையில் வந்த சமூகத்துக்கும் வேறுபாடு உண்டு என்ற வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால் மனச்சார்புக் கோட்பாடு ஒருவரிடம் எத்தனை தலைமுறை என்று கேட்பதில்லையே! டென்மார்க்கில் பிறந்து டேனிஷையே முதல்மொழியாகப் பேசும் தமிழ்ப் பிள்ளையிடம், உண்மையில் எங்கிருந்து வந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி, எல்லைப்புறத்தில் தடைசெய்யப்பட்ட அதே சோதனையன்றி வேறன்று. டேனியர் என்றோ தமிழர் என்றோ இரண்டுமே என்றோ அப்பிள்ளை சொல்வது, ஸ்லெஸ்விக்காரர் ஒருவரின் சொல்லைப்போலவே மறுபேச்சின்றி ஏற்கப்பட வேண்டியதாகும்.

எல்லைப்புறச் சிறுபான்மையினருக்குக் கிடைக்கும் அரச ஆதரவு மொழிக்கல்வியிலும் இவர்களுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமையிலிருந்து டென்மார்க்கின் உள்ளூராட்சிச் சபைகள் 2002இல் விடுவிக்கப்பட்டு, அதற்கான அரச நிதியும் நிறுத்தப்பட்டது. வாரத்தில் சில மணிநேரம் கூடும் தமிழ் வகுப்புகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் பெரும்பாலும் தம் சொந்த உழைப்பிலேயே நடத்திவருகின்றனர்.