இறங்காத ஜாக்கியும் விரல் நுனியும்

பைக்கைத் தூக்கி வைக்கிற ஹைட்ராலிக் ஜாக்கி மேலே போயிட்டு இறங்க மாட்டேங்குதா? டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு, படிங்க.

முதல்ல சேஃப்டி லாக்கைப் பாருங்க. பல நேரம் ஜாக்கியில் பழுதே இருக்காது. மொத்த எடையும் அந்த லாக் கம்பி மேல உட்கார்ந்திருக்கும். ரிலீஸ் பெடலை எவ்வளவு மிதிச்சாலும் அசையாது. பம்ப்பை இன்னும் ரெண்டு மிதி மிதிச்சு வண்டியைக் கொஞ்சம் ஏத்துங்க. லாக்கை எடுத்துட்டு, அப்புறம் மெதுவா ரிலீஸ் பண்ணுங்க.

காலி ஜாக்கியே இறங்கலைன்னா கீல் துருப்பிடிச்சிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கீலுக்கு எண்ணெய் விட்டு மேலிருந்து அழுத்துங்க. கை நடுவில் போகக் கூடாது.

அப்பவும் இறங்கலையா? ஸ்பேனரை எடுத்து வால்வைக் கழட்டாதீங்க. கிளாசிக் 350 மாதிரி வண்டி கிட்டத்தட்ட 195 கிலோ. முதல்ல இன்னொரு ஜாக்கியிலோ கனமான மரக்கட்டையிலோ எடையை மாத்துங்க. பெல்ட் போட்டுக் கட்டுங்க. மத்தது பிறகுதான்.

இப்போ என் வேலை. ஆயில் கசியுது, எங்கேன்னு தெரியலை. உடனே விரலை வச்சுத் தடவிப் பார்ப்போம். தயவுசெஞ்சு வேண்டாம், ஒரு அட்டையை வச்சுப் பாருங்க. பைக் டயரில் இருக்கிறது சுமார் 30 பிஎஸ்ஐ. ஊசித் துளை வழியா பீய்ச்சுற ஆயில் தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐயே போதும். எடை தாங்கி நிற்கிற ஜாக்கிக்குள்ள அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஆளைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. விரல் நுனியில் எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. வலி அதிகமில்லை, நடந்தே வருவார். ஆனா உள்ளே போன ஆயில் தசைநாண் உறை வழியா உள்ளங்கை வரைக்கும் போயிருக்கலாம். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, மரத்து, ரத்த ஓட்டம் குறையும். தாமதமானா விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

அதனால டிடி ஊசி மட்டும் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. விரலைத் திறந்து கழுவுற ஆபரேஷன் 6 மணி நேரத்துக்குள் நடந்தா நல்லது. பிதுக்காதீங்க, ஒத்தடம் கொடுக்காதீங்க. மோதிரத்தைக் கழட்டுங்க, கையை உயர்த்தி வைங்க, எதுவும் சாப்பிடாம கிளம்புங்க. 'குத்திடுச்சு'ன்னு சொல்லாம 'பிரஷர்ல ஆயில் உள்ளே போயிடுச்சு'ன்னு சொல்லுங்க. ஆயில் டப்பாவையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.