பார்த்துப் போ

காலை எட்டரை மணிக்குத் தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு தொடர் காதில் விழும்: "ரோட்டைப் பார்த்துப் போ." தோளில் பையை மாட்டிவிடும் தாய் சொல்கிறாள், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி சொல்கிறாள், மாலையில் பள்ளி வாயிலில் விசிலோடு நிற்கும் ஆசிரியரும் அதையே சொல்லி அனுப்புகிறார். அது அன்பின் மொழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொற்களுக்குள் ஒரு தீர்ப்பும் மறைந்திருக்கிறது. சாலை இருக்கிறபடியே இருக்கும். வண்டிகள் வருகிறபடியே வரும். விழிப்போடு இருக்க வேண்டியது மட்டும் ஆறு வயதுப் பிள்ளையின் பொறுப்பு என்பதே அத்தீர்ப்பு.

அந்தப் பிள்ளையால் உண்மையில் எவ்வளவு பார்க்க முடியும்? முதல் வகுப்பு மாணவரின் கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சாலையோரம் நிற்கும் மகிழுந்தின் கூரைக்கு மேலாக வளர்ந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிடுவார். பிள்ளைக்கோ அது ஒரு மதில். அம்மதிலுக்கு அப்பால் தலையை நீட்டினால்தான் வருவது தெரியும்; தலையை நீட்டும்போதே உடலும் சாலைக்குள் வந்துவிடுகிறது. ஓட்டுநருக்கும் அதே மதில்தான். அதன் மறைவில் ஒரு பிள்ளை நிற்பதை அவர் அறியார். மேலும், தொலைவில் வரும் வண்டி எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்று கணிக்கும் திறன் சிறு வயதில் முழுமை பெறுவதில்லை. எதிர்ப்புறம் நிற்கும் அப்பாவைக் கண்டதும் மற்றவை யாவும் மறந்துபோகும் வயது அது. 1960களில் இதனை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்டினா சாண்டெல்ஸ் வந்தடைந்த முடிவு எளியது. ஆனால் அன்றைய உலகுக்குப் புதியது. சிறு பிள்ளைகளைப் போக்குவரத்துக்கு ஏற்ப முழுமையாகப் பழக்கிவிட இயலாது. போக்குவரத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றார் அவர்.

எதை மாற்றுவது? முதலில் வேகத்தை. இயற்பியல் வகுப்பில் படித்த கணக்கு இங்கே உயிர்பெறுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடக்கிறது. குறுக்கே வந்த பிள்ளையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடியாவது ஆகும். அதே சாலையில் இன்னொரு மகிழுந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அந்த ஒரு நொடியில் அது எட்டு மீட்டர் செல்லும். உலர்ந்த நல்ல சாலையில் மேலும் ஐந்து மீட்டர் சென்று நின்றுவிடும். ஆக, மெல்ல வந்த வண்டி முற்றிலும் நின்றுவிட்ட இடத்தில், விரைந்து வந்த வண்டியின் ஓட்டுநர் அப்போதுதான் பிரேக்கில் காலை வைக்கிறார். பதினான்காவது மீட்டரில் பிள்ளை நின்றால், ஒரு வண்டி அவளைத் தொடவே தொடாது. மற்றொன்று சற்றும் வேகம் குறையாமல் மோதும். இரு வண்டிகளையும் ஓட்டியவர்கள் ஒரே அளவு நல்லவர்களாக இருக்கலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 50இல் வரும் வண்டி தாங்கிவரும் ஆற்றல் 30இல் வருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த உண்மையை ஒரு நாடு பெருந்துயரத்தின் வழியே கற்றது. இன்று மிதிவண்டிகளின் நாடு என்று புகழப்படும் நெதர்லாந்து, 1970களின் தொடக்கத்தில் அவ்வாறு இல்லை. மகிழுந்துகள் பெருகின, அவற்றுக்காகத் தெருக்கள் அகலமாக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறிய நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அவ்வாறு மகளை இழந்த இதழாளர் விக் லாங்கன்ஹோஃப், 1972இல் 'டெ டைட்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்பது அதன் தலைப்பு. விபத்து என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். விபத்து என்றால் யாரும் பொறுப்பில்லை; கொலை என்றால் யாரோ விடை சொல்லியாக வேண்டும். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருக்களில் இறங்கினர்.

பெற்றோர் மட்டும் அல்லர். ஆம்ஸ்டர்டாம் நகரில் 'டெ பைப்' என்னும் நெருக்கமான குடியிருப்புப் பகுதிப் பிள்ளைகள், விளையாட இடமின்றித் தவித்தவர்கள், தங்கள் தெருவை வண்டிகளுக்கு மூடித் தருமாறு கையெழுத்துத் திரட்டினர்; தெருவின் குறுக்கே தடுப்புகளை வைத்தனர். சினங்கொண்ட பெரியவர்கள் அத்தடுப்புகளை இழுத்துத் தள்ளுவதையும் பிள்ளைகள் விட்டுக்கொடுக்காமல் நிற்பதையும் 1972ஆம் ஆண்டின் ஆவணப்படம் ஒன்றில் இன்றும் காணலாம். இறுதியில் அத்தெரு அவர்களுடையதாயிற்று.

டெல்ஃப்ட் நகரில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. குடியிருப்புத் தெருவில் நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவையே நீக்கிவிட்டு, மரங்களையும் இருக்கைகளையும் வளைவுகளையும் அமைத்தனர். நேராகப் பாய்ந்து செல்ல வழியில்லாமையால் வண்டிகள் தாமாகவே நடப்பவரின் வேகத்துக்கு இறங்கின. 'வூனெர்ஃப்' என்று பெயர். 'வாழும் முற்றம்' எனத் தமிழில் கூறலாம். 1976இல் அந்நாட்டுச் சட்டம் அதை ஏற்றது. முற்றம் என்றால் என்ன என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே வண்டி விருந்தாளி, பிள்ளைதான் வீட்டுக்காரர். இன்று நெதர்லாந்தில் சாலைகளில் ஆண்டுக்கு இறப்போர் எழுநூறு பேரளவில் உள்ளனர். அந்த எண்ணிக்கையும் பெரிதென்றே அவர்கள் கருதுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒழுங்கைக் கற்பித்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. அவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே பள்ளிக்குச் செல்கின்றனர். பல ஊர்களில் ஒரு பகுதிப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, மூத்த மாணவர் முன்னும் பின்னும் வர, இளையோர் நடுவே வர, வரிசையாக நடக்கிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் தொலைவிலிருந்தே தெரியுமாறு மஞ்சள் தொப்பி அணிகிறார்கள். கடக்கும் இடங்களில் ஊர்ப் பெரியவர்கள் கொடியுடன் நிற்கிறார்கள். 'பார்த்துப் போ' என்பதை இத்துணை நேர்த்தியாகக் கற்பித்த நாடு வேறொன்று இருப்பது அரிது. ஆயினும் 2021 ஜூன் மாதத்தில், சிபா மாநிலத்தின் யாச்சிமாத்தா நகரில், பள்ளி முடிந்து சாலையோரமாக நடந்து வந்த ஐந்து பிள்ளைகள்மீது லாரி ஒன்று மோதியது. இருவர் இறந்தனர். ஓட்டுநர் மது அருந்தியிருந்தார். பிள்ளைகளிடம் பிழை ஏதும் இல்லை. அச்சாலையில் நடைபாதையும் இல்லை, தடுப்புக் கம்பியும் இல்லை. நாடு முழுவதும் பள்ளி செல்லும் வழிகளை ஆய்வு செய்ய அரசு ஆணையிட்டது அதன் பின்னரே.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் நெடுஞ்சாலை ஊருக்குள் வந்ததா, ஊர் நெடுஞ்சாலையை நாடிச் சென்றதா என்று சொல்வது கடினம். மாட்டுவண்டிகள் சென்ற காலத்தில் சாலையோரம் எழுந்த பள்ளிகள் எத்தனையோ. பின்பு சாலை அகன்றது. இருபுறமும் நின்ற புளியமரங்கள் வெட்டப்பட்டன. பள்ளியின் வாயில் நின்ற இடத்திலேயே நின்றது. இன்று அவ்வாயிலைத் திறந்தால் அடுத்த அடி தார்ச்சாலையில்தான். நகரங்களிலோ நடைபாதை இருக்கிறது. அதன்மேல் மின்மாற்றியும் தேநீர்க் கடையும் இருசக்கர வண்டிகளும் இருக்கின்றன. தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் அமைப்பு வகுத்த நெறி நூலில் உள்ளது. கைகோத்து வரும் இருவருக்கு எதிரே ஒருவர் வர அந்த அகலம் போதும். சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் தியாகராய நகரின் பாண்டி பஜார் அகன்ற நடைபாதைகளோடு புதுக்கோலம் பூண்டது. துணிக்கடைகளின் முன் கிடைத்த அந்த அகலம் பெரும்பாலான தொடக்கப்பள்ளி வாயில்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளி வாயிலில் நெருக்கடியை உண்டாக்குவோருள் பெற்றோரும் உண்டு என்பது கசப்பானது. நடந்தால் ஆபத்து என்று பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். அவ்வண்டியே நடந்து வரும் மற்றொரு பிள்ளைக்கு ஆபத்தாகிறது. அதைக் கண்ட அப்பிள்ளையின் பெற்றோரும் மறுநாள் வண்டியை எடுக்கிறார்கள். இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இல் இதற்கு ஒரு வழி கண்டது: பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பள்ளித் தெருவைச் சிறிது நேரம் வண்டிகளுக்கு மூடிவிடுவது. பெருஞ்செலவில்லை, ஒரு தடுப்பும் அதனருகே நிற்க ஒருவரும் போதும். நெடுஞ்சாலையை அவ்வாறு மூட இயலாதுதான். ஆனால் நெடுஞ்சாலை நோக்கிய வாயிலைப் பூட்டிவிட்டு, பின்புறச் சந்தில் புதிய வாயில் திறக்க எந்த நாட்டு அனுமதியும் வேண்டாம். பெற்றோர் பெரும்பான்மையாக அமரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். கிராம சபையில் தீர்மானமாகக் கேட்கலாம்.

அவ்வாறு கேட்கும்போது கையில் அளவு இருந்தால் சொல்லுக்கு வலிமை கூடும். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் மிதிவண்டியில் நாள்தோறும் தாம் படித்த தொடக்கப்பள்ளியைக் கடந்து செல்லும் மாணவர்களுக்கு இது கடினமான வேலையன்று. ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை, நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடக்கும் சிறு பிள்ளை கடக்க ஏழு நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து அந்த ஏழு நொடியில் 97 மீட்டர் வந்துவிடும். பள்ளி வாயிலிலிருந்து சாலை வளைந்து மறையும் இடம்வரை எத்தனை மீட்டர் என்று அறிய ஓர் அளவுநாடாவும் இரண்டு பேரும் போதும்.