எழுத்துருவின் நடுநிலை

கேரி ஹஸ்ட்விட்டின் ‘ஹெல்வெட்டிகா’ (2007) ஓர் எழுத்துருவின் வரலாறாகவே அறிமுகமாகும் ஆவணப்படம். 1957இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் எழுத்து வார்ப்பகத்துக்காக மாக்ஸ் மீடிங்கர் அதை வரைந்ததும், 1960இல் அதற்கு இப்பெயர் வாய்த்ததும் படத்தில் உண்டு. ஆயினும் படம் உயிர்பெறுவது வடிவமைப்பாளர்கள் வாய் திறக்கும்போதுதான்.

பொருள் பனுவலில் இருக்க வேண்டும், எழுத்துருவில் அன்று என்பது விம் குரோவெலின் நிலைப்பாடு. பவுலா ஷெருக்கோ அதே எழுத்துரு, வியட்நாம் போருக்குத் துணைநின்ற பெருநிறுவனங்களின் முகம். அவர் அதைப் பாதி வேடிக்கையாகச் சொல்வதாகவும் தோன்றலாம். பார்வையாளர் சிரிப்பதும் இயல்பே. மொழியியல் பயின்றவருக்கு அச்சிரிப்பு எளிதில் வருவதில்லை. தம் பேச்சில் வட்டாரச் சாயலே இல்லை என்று நம்புவோர் பெரும்பாலும் அதிகாரத்துக்கு அருகில் இருப்போரே. ஹெல்வெட்டிகாவின் நடுநிலையும் அவ்வகையினதே: எங்கும் கண்டு பழகியதால் பிறருக்குச் சாயல் மறைந்தது; ஷெருக்கு மறையவில்லை.

குரோவெலின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் 1967இல் அவரே வெளியிட்ட ‘நியூ ஆல்பபெட்’ பெரிதும் கிடைமட்ட, செங்குத்துக் கோடுகளால் ஆனது. அதில் சில எழுத்துகளை இன்ன எழுத்தென்று கண்டறிவதே கடினம்.