ஆறு மணிக்குக் கீழே

வேலைக்குச் சேர்ந்த முதல் நான்கு வருடங்கள் நான் கைக்கடிகாரம் கட்டியதில்லை. நேரம் பார்க்கக் கைத்தொலைபேசி போதுமாக இருந்தது. பிறகு எண்ணெய், எரிவாயு ஆலைகளின் பராமரிப்பு வேலைக்கு மாற்றினார்கள். தீப்பற்றும் வாயு இருக்கும் பகுதிக்குள் கைத்தொலைபேசியையும் ஸ்மார்ட் வாட்சையும் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும். மதியம் வாடிக்கையாளரோடு கூட்டம். அங்கே அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பது மரியாதையாகவும் இருக்காது. ஆக, இரண்டு இடத்துக்கும் ஒரே கடிகாரம் தேவைப்பட்டது. கண்ணை உறுத்தக்கூடாது, உருப்படியாகச் செய்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கண்ணை உறுத்தாத கடிகாரம் என்று ஒன்று கிடையாது. அப்பாவும் மாமாக்களும் கட்டியதெல்லாம் தங்க நிறம், பெரிய முகப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் கை நீண்டால் முதலில் தெரிவது அதுதான். என் வயதுக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் பெரட்டு மணிக்கு எழுந்து, தண்டல் சொன்ன நேரத்துக்குப் பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள். சொந்த நேரத்தை முதன்முதலாகச் சொந்தக் கையில் கட்டியபோது அது மினுங்கத்தான் வேண்டியிருந்தது. எனக்கு மினுக்கம் தேவைப்படாமல் போனதும் அவர்கள் உழைப்பால்தான்.

பொறியாளன் பொருள் வாங்கப் போனால் அட்டவணை போடுவான். நானும் போட்டேன். என் மணிக்கட்டு மெலிசு. 38 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தட்டைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருக்கும். தடிமன் கூடினால் முழுக்கைச் சட்டைக்குள் நுழையாது. தோல் வார் பார்க்க அழகு. நம்ம ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் சில மாதங்களில் நாறிப்போகும். சஃபையர் கண்ணாடியில் லேசில் கீறல் விழாது, ஆனால் விலை ஏறும். '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் அதோடு நீந்தலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே.

துல்லியம்தான் முக்கியமென்றால் குவார்ட்ஸ் வாங்கலாம். நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் அதற்குள் இருக்கிறது. மாதத்துக்கே பதினைந்து, இருபது வினாடிதான் பிசகும். ஆட்டோமேட்டிக் ஒரே நாளில் அவ்வளவு பிசகலாம். இருந்தும் மனசு ஆட்டோமேட்டிக் பக்கமே சாய்ந்தது. கை அசைய அசைய உள்ளே ஓர் எடை சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. வில் தளரத் தளரப் பல்சக்கரங்கள் நகர்கின்றன. இயந்திரப் பொறியியல் படித்தவனுக்கு அது சொந்தக்காரன் மாதிரி.

கடைசியில் செய்கோ 5இல் வந்து நின்றேன். 1963இல் தொடங்கிய வரிசை. நான் தேடியது அதில் எஸ்என்கே வகை: 37 மில்லிமீட்டர், வெள்ளை முகப்பு, உள்ளே 7எஸ்26 இயந்திரம். கோலாலம்பூரில் ஒரு பழைய கடையின் தோக்கே, இருப்பில் கிடந்த இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"போஸ், இனி ஜெப்பூன் பூஞா. இத்து மலேசியா பூஞா சாஜா."

ஜப்பான் கடிகாரத்துக்கு நூற்றைம்பது வெள்ளி அதிகம். மாடல் எண்ணின் கடைசியில் அதற்கு ஜே1, மற்றதற்குக் கே1. பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். முகப்பில் ஆறு மணிக்குக் கீழே, மயிரிழை எழுத்தில், ஒன்றில் 'மேட் இன் ஜப்பான்', இன்னொன்றில் 'மூவ்ட் மலேசியா'. மற்றபடி அதே இயந்திரம், அதே அளவு, அதே விவரக்குறிப்பு.

அந்த 'சாஜா' எனக்குப் பழகிய சொல். எஸ்.டி.பி.எம். முடித்து ஸ்கூடாயில் யூ.டி.எம்.மில் படித்தவன் நான். முதல் நேர்காணலில் என் சான்றிதழைப் புரட்டியவர், "ஓ, லோக்கல் டிகிரி சாஜா?" என்றுதான் கேட்டார். பொறியியல் பட்டங்களுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பினர். அங்கீகாரம் பெற்ற நம் பட்டப்படிப்புகளை மற்ற உறுப்பு நாடுகள் தங்களுடையதற்கு இணையாக ஏற்கின்றன. வெளியே இணை, உள்ளூரில் சாஜா.

முகப்பில் எழுதும் ஊர்ப்பெயரில் கணக்கும் கலந்திருக்கிறது. 'சுவிஸ் மேட்' என்று போட 2017 முதல் உள்ள நிபந்தனைகளில் ஒன்று, தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு அந்நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்பது. மீதி எங்கிருந்தும் வரலாம். ஊர்ப்பெயருக்கு நாம் கொடுக்கும் காசு, பல நேரம் நம் சந்தேகத்துக்குக் கொடுக்கும் காசு.

கே1ஐ வாங்கினேன். குறை இல்லாமல் இல்லை. சங்கிலி சலசலக்கும். கண்ணாடி சஃபையர் இல்லை. நாளுக்குப் பத்து வினாடி முந்தி ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் சரிசெய்துகொள்கிறேன்.

ஜொகூரில் இருக்கும் சித்தியிடம் காட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் லைனில் நின்றவர். தூசி சேரக்கூடாது என்பதால் முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது, நெற்றியில் திருநீறு கூடாது. விரலுக்கு உறை மாட்டி, இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். அவருக்குக் கடிகாரம் கட்டும் பழக்கமே கிடையாது. இதைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"இது எங்க லைன் இல்லய்யா. நாங்க போட்டது பேட்டரி மெசின்."

பிறகு காதருகே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லாத்தான் பூட்டியிருக்காளுங்க."

யார் பூட்டினார்கள் என்று முகப்பில் எழுதவில்லை. அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

கூட்டங்களில் இதுவரை யாரும் இந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. அப்படி ஒன்றைத்தான் தேடினேன். கேட்டால், எங்கே செய்தது என்பதை 'சாஜா' சேர்க்காமல் சொல்வேன்.