ஒரு 'ழ' படுத்திய பாடு

முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். விண்ணப்பம் என்றால் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமைக்கு 2009-இல் ஒரு குட்டு விழுந்தது.

தம்பி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் மகன் டிப்ளமா முடித்தவன். துபாயில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். நமக்கு இனிஷியல்தானே உண்டு, குடும்பப் பெயர் ஏது? அந்தக் கட்டத்தில் தம்பி பெயரையே எழுதினேன். அவன் பெயரில் ஒரு 'ழ' வரும். தமிழ்ப் பற்றோடு ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டேன். திருச்சியிலிருந்து பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

டிப்ளமா சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். ஏஜென்ட் மூலம் அதுவும் முடிந்தது. பிறகுதான் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் இருக்கிறது, இரண்டும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்தோம். அதில் அப்பா பெயர் 'எல்' போட்டு இருந்தது. தம்பி கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"பெரியப்பா, வேலை போயிடுமா?" என்றான் பையன். பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் இருபது ரூபாய் முத்திரைத் தாளில், இரண்டு எழுத்திலும் குறிப்பிடப்படுபவர் என் கணவர் ஒருவரே என்று தம்பி மனைவி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவள் கை நடுங்கியது. கம்பெனி ஏற்றுக்கொண்டது, பயணம் ஐந்து வாரம் தள்ளிப்போனது.

இப்போது யார் வந்தாலும் முதலில் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, அப்பா பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.

போன மாதத்திலேயே அவன் போன் வந்தது. "பெரியப்பா, இங்க எல்லாரும் என்னை அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. மலையாளி சூப்பர்வைசர் மட்டும் 'ழ'வைச் சரியாச் சொல்றார்."

நான் போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டேன்.